ஆந்தை வரவில்லை, பணமும் வரவில்லை

கேள்வி: ஆன்லைனில் '180×100' என்று போட்டிருந்த பைனாகுலரை வாங்கினேன். எதிர் மரத்துக் குருவிகூட மங்கலாக, ஆடிக்கொண்டே தெரிகிறது. என் கை நடுக்கமா, பொருளே மோசமா?

பதில்: கையைக் குறை சொல்லாதீர்கள். ஸ்கேலை எடுத்து முன் லென்ஸை அளந்து பாருங்கள். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 100 என்றால் லென்ஸ் 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். உங்களுடையது அதில் பாதி இருந்தாலே அதிசயம். ஸ்கேலை வைத்தபடியே போட்டோ எடுத்து, 'விளம்பரத்தில் சொன்ன பொருள் இது இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள். 'படம் தெளிவாக இல்லை' என்று எழுதினால் வாதம் நீளும். ஸ்கேலோடு யாரும் வாதாட முடியாது.

விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42-க்கு 5.25 மி.மீ.; விடியற்காலை மங்கலுக்கும் போதும். 10×25-க்கு 2.5, நல்ல வெளிச்சத்தில்தான் சரிவரும். 30 மி.மீ. லென்ஸில் 180 மடங்கு என்றால் ஒரு மி.மீ.-இல் ஆறில் ஒரு பங்கு. இருட்டாக இல்லாமல் வேறென்ன? 10 மடங்கைத் தாண்டினாலே பலருக்குக் கையில் நிற்காது, முக்காலி வேண்டும்.

கேள்வி: சிவப்பாக மின்னும் லென்ஸ் இருந்தால் ராத்திரியிலும் தெரியுமாமே?

பதில்: தெரியாது. மின்னுகிற சிவப்பு, உங்கள் கண்ணுக்கு வராமல் திரும்பிப் போகிற வெளிச்சம்.

கேள்வி: பறவையின் பெயர் சொல்லும் ஆப், ஏழு நாள் இலவசம் என்றார்கள். மூன்றாம் நாளே அழித்துவிட்டேன். ஆனாலும் ஆண்டுக் கட்டணம் பிடித்துவிட்டார்கள்.

பதில்: ஆப்பை அழித்தால் சந்தா அழியாது. போனில் ஆப் வாங்கும் ஸ்டோருக்குள் போய், 'சந்தாக்கள்' பகுதியில் ரத்து செய்து, அங்கேயே பணம் கேட்டு விண்ணப்பியுங்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ஆப்களான, பறவையின் பெயர் சொல்லும் மெர்லின், பார்த்ததைப் பதிந்துவைக்கும் இ-பேர்ட் இரண்டுமே இலவசம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: பறவை பார்க்கும் நடை ஒன்றுக்குப் பணம் கட்டினோம். 'ஆந்தையைக் கட்டாயம் பார்க்கலாம், இல்லாவிட்டால் பணம் வாபஸ்' என்பது விளம்பரம். வழிகாட்டி மொபைலில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டுக்கொண்டே இருந்தார். ஆந்தை வரவில்லை. 'பதில் குரல் கேட்டதே, அதுவும் கணக்குதான்' என்று பணம் தர மறுக்கிறார்கள்.

பதில்: பறவை பார்ப்பவர்கள் குரல் மட்டும் கேட்டதையும் தங்கள் பட்டியலில் சேர்ப்பது உண்டு. ஆனால் உங்களிடம் விற்றது 'பார்க்கலாம்' என்ற சொல். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, நடை நடந்த தேதி மூன்றையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். நம்பிப் பணம் கட்டியதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை.

இனி என் பழைய புலம்பல். 'உறுதி' என்று விற்கிற நடைகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பறவை யாரிடமும் சம்பளம் வாங்கவில்லை. வாக்குக் கொடுத்தவர் அதைக் காப்பாற்றக் கடைசியில் என்ன செய்வார்? குரலை ஒலிக்கவிடுவார், இரை போட்டு இழுப்பார், இல்லையென்றால் கூட்டுக்கே கூட்டிப் போவார். பதிவு செய்த குரலைக் கேட்கிற பறவை, தன் எல்லைக்குள் வேறொன்று புகுந்துவிட்டதென்று இரை தேடுவதை விட்டுச் சண்டைக்கு வருகிறது. அடைகாக்கும் நேரமென்றால் முட்டையை விட்டு எழுந்து வருகிறது. முட்டை ஆறிப்போகும், குஞ்சு வெயிலில் காயும், காகம் காத்திருக்கும். படத்துக்காகக் கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்கிக் கட்டுகிறவர்களும் உண்டு. அந்தக் கிளைதான் கூட்டுக்குக் கதவு. இத்தனையும் உங்கள் கட்டணத்தில் நடக்கிறது.

நடத்துபவர் உறுதி தரக்கூடியவை வேறு. எத்தனை மணிக்குக் கிளம்பும், எவ்வளவு நேரம், பைனாகுலர் தலைக்கு ஒன்றா நாலு பேருக்கு ஒன்றா, மழை வந்தால் வேறு தேதியா பணமா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர். பத்துக்கு மேல் போனால் பின்னால் வருபவர் பார்ப்பது முன்னால் நிற்பவர் முதுகைத்தான்.

கேள்வி: மூக்குக் கண்ணாடியோடு பைனாகுலரில் பார்த்தால் சாவித்துவாரத்தில் பார்ப்பது போலச் சின்ன வட்டம்தான் தெரிகிறது. 'பழகிவிடும்' என்கிறார் விற்றவர்.

பதில்: பழகாது. கண் வைக்கும் பக்கத்து ரப்பர் வளையங்களைத் திருகி முழுக்க உள்ளே இறக்குங்கள். சிலவற்றில் வெளிப்புறமாக மடிக்க வேண்டும். அப்படியும் வட்டம் விரியாவிட்டால் அந்த மாடல் உங்களுக்கு ஆகாது, மாற்றிக் கேளுங்கள். பெட்டியில் 'ஐ ரிலீஃப்' என்று ஓர் எண் இருக்கும்; முழு வட்டமும் தெரியக் கண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பது அது. கண்ணாடிக்காரர்களுக்கு அது 15 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. 17, 18 இருந்தால் நிம்மதி.

இன்னொன்று. வலது முன் லென்ஸை மூடி, நடுச் சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கத்தில் தெளிவைச் சரிசெய்யும் வளையத்தை (ரப்பர் வளையத்தை அல்ல) மட்டும் திருகுங்கள். இதைச் செய்யாமலே 'பழுது' என்று திருப்பி அனுப்புகிற மகராசர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: 6 வயது மகளை எட்டு வார இயற்கைக் கல்வி வகுப்பில் சேர்க்கலாமா? சான்றிதழ், டி-ஷர்ட், பைனாகுலர் எல்லாம் கட்டணத்தில் அடக்கமாம்.

பதில்: சட்டையை விடுங்கள். எட்டு வகுப்பில் எத்தனை வெளியில் நடக்கும் என்று கேளுங்கள். பாதிக்கு மேல் திரையில் படம் என்றால் வேண்டாம். வாராவாரம் புது இடம் என்பதும் பெருமை இல்லை. ஒரே மரத்தை எட்டு வாரம் பார்த்தால்தான் எது வந்தது, எது போனது என்று குழந்தைக்குப் பிடிபடும். பைனாகுலரை மடக்கிப் பார்த்து வாங்குங்கள். பெரியவர்களுக்கான பல மாடல்களில் கண் வைக்கும் இரண்டு குழல்களும் 56 மி.மீ.-க்குக் கீழே நெருங்காது. இந்த வயதில் கண்மணிகளுக்கு இடையே சுமார் 50 மி.மீ.தான் இருக்கும். இரண்டு வட்டமாகத் தெரிந்து, இரண்டாவது வாரமே மூலையில் போட்டுவிடுவாள். நடுவில் இரட்டைக் கீல் உள்ள சின்ன மாடல்கள் இன்னும் நெருங்கும். அதில் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நாலு மாதம் முன்பு சலுகையில் வாங்கிய பைனாகுலரைப் போன வாரம்தான் பிரித்தேன். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது.

பதில்: நாலு மாதமும் பெட்டியை அழகு பார்த்தீர்களா? திருப்பி அனுப்பும் கெடு போயிருக்கும்; வாரண்டி இருந்தால் அதுதான் கதி. வழியில் அடிபட்டு இரண்டு குழல்களும் நேர்விலகியிருக்கலாம். தூரத்தில் கிடையாகப் போகும் கம்பி ஒன்றைப் பார்த்தபடி பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். இரண்டு வட்டத்திலும் கம்பி ஒரே உயரத்தில் இல்லையென்றால் அதுதான் கோளாறு. திருகுகளில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் மழையில் கொண்டுபோகலாமா?

பதில்: தூறலுக்குத் தாங்கும். அந்தச் சொல்லை நம்பி வாங்கி, உள்ளே ஆவி படிந்த ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. 'வாட்டர்ப்ரூஃப்', 'நைட்ரஜன் நிரப்பியது' இரண்டும் எழுதியிருந்தால் வாங்குங்கள்.