அரேயில் அந்தக் கீ இல்லையென்றால்?

கேள்வி: எங்கள் மளிகைக் கடைக்கு பிஎச்பியில் நானே பில் போடும் புரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன். நாலு வருடமாக ஒழுங்காக ஓடியது. போன மாதம் ஹோஸ்டிங்காரர்கள் பிஎச்பியை 7.4-இலிருந்து 8-க்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து பில் பக்கம் முழுக்க ‘அன்டிஃபைன்ட் அரே கீ’ என்று வார்னிங். ஒவ்வொரு வரியிலும் கீ இருக்கிறதா என்று பார்க்கும் இஸ்செட் போட்டே ஆக வேண்டுமா? முன்னால் ஒரு @ போட்டால் போதும் என்கிறார் நண்பர்.

பதில்: உங்கள் புரோகிராம் போன மாதம் கெட்டுப்போகவில்லை. கோளாறு முதலிலிருந்தே இருக்கிறது, இப்போதுதான் வெளியே தெரிகிறது. அரே என்பது பல மதிப்புகளின் தொகுப்பு, அதில் ஒவ்வொரு மதிப்புக்கும் உள்ள பெயர்தான் கீ. இல்லாத கீயைப் படித்தால் 7.4-இலும் ‘நல்’தான் (null, மதிப்பே இல்லை என்று பொருள்) கிடைக்கும். ஆனால் அதை வெறும் நோட்டீஸாகச் சொல்லும், அந்த நோட்டீஸ்களையும் பிஎச்பி தானாகக் காட்டாது. 2020 நவம்பரில் வந்த 8.0-இல் அதை வார்னிங்காக உயர்த்தி, எல்லாப் பிழைகளையும் தெரிவிப்பதையே வழக்கமாக்கிவிட்டார்கள்.

முதலில், வார்னிங் எதுவும் திரைக்கு வராமல் லாகில் (பதிவுக் கோப்பில்) மட்டும் விழும்படி சர்வரில் அமைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் கையில் போகும் பில்லில் அதெல்லாம் தெரியக் கூடாது. @ வேண்டாம். அது அந்த வரியில் வரும் மற்ற வார்னிங்குகளையும் சேர்த்து வாயடைத்துவிடும்.

இஸ்செட்டை வரிக்கு வரி எழுதவும் தேவையில்லை. இடப்பக்கத்தில் மதிப்பு இல்லையென்றால் வலப்பக்கத்தை எடுத்துக்கொள்ளும் ?? என்ற குறி, 2015 டிசம்பரில் வந்த 7.0 முதலே இருக்கிறது. (கீழே பெயர்களைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். பிஎச்பி அதையும் ஏற்றுக்கொள்ளும், சும்மா ஓட்டிப் பாருங்கள்.)

$தள்ளுபடி = $பில்['தள்ளுபடி'] ?? 0;

கீ இல்லாவிட்டாலும், இருந்து அதன் மதிப்பு ‘நல்’ ஆக இருந்தாலும் 0 கிடைக்கும். வார்னிங் வராது. சரி, இதோடு விட்டுவிடலாம் என்றால் முடியாது. ஒரு கடைக்கு எழுதிக் கொடுத்தபோது நானே மாட்டிக்கொண்ட இடம் இது:

$மொத்தம் = $பில்['பொருள்'] ?? 0 + $பில்['டெலிவரி'] ?? 0;

பொருள் 500, டெலிவரி 40. 540 வரும் என்றுதானே நினைப்பீர்கள்? 500தான் வரும். கூட்டல் குறிக்கு ??-ஐவிட முன்னுரிமை அதிகம். அதனால் பிஎச்பி 0-வையும் டெலிவரியையும் ஒரே தொகுதியாக எடுத்துக்கொண்டு, ‘பொருள் இருந்தால் பொருள், இல்லையென்றால் மற்றதெல்லாம்’ என்று படிக்கிறது. பொருள்தான் இருக்கிறதே, டெலிவரியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வார்னிங்கும் இல்லை. டெலிவரிப் பணம் கணக்கில் ஏறாதது இரண்டு நாள் கழித்துதான் தெரிந்தது. அடைப்புக்குறி போட்டால் சரியாகிவிடும்:

$மொத்தம் = ($பில்['பொருள்'] ?? 0) + ($பில்['டெலிவரி'] ?? 0);

எழுத்துகளை ஒட்டும் புள்ளிக்கும் இதே கதைதான். ?? எழுதினாலே சுற்றி அடைப்புக்குறி என்று கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஃபார்ம். டிக் செய்யாத செக்பாக்ஸ் சர்வருக்கு வரவே வராது, அங்கே ?? வேலை செய்யும். ஆனால் எதுவும் எழுதாமல் விட்ட டெக்ஸ்ட் பெட்டி வெற்றெழுத்தாக வந்து நிற்கும். கீ இருக்கிறது, மதிப்பு ‘நல்’ இல்லை, அதனால் ?? சும்மா இருந்துவிடும். இடப்பக்கம் காலியாக இருந்தால் வலப்பக்கத்தை எடுக்கும் ?: என்ற குறியின் பக்கம் உடனே ஓடாதீர்கள். அது 0-வையும் காலியாகவே கருதும். வரி இல்லாத பொருளுக்கு நீங்கள் கவனமாக 0 என்று அடித்திருப்பீர்கள், அது டீஃபால்ட்டாக (எதுவும் தராதபோது எடுத்துக்கொள்ள) வைத்த 18-ஐப் பிடித்துப் போட்டுவிடும். போதாததற்கு, கீ இல்லாவிட்டால் ?: வார்னிங்கும் தரும். வெற்றெழுத்தா என்று, மதிப்பும் வகையும் ஒன்றா எனப் பார்க்கும் === வைத்து நேராகக் கேட்பதே நல்லது.

இவ்வளவையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. எந்தக் கீக்கு டீஃபால்ட் தரலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தள்ளுபடி இல்லாத பில் சகஜம், 0 போடலாம். விலை இல்லாத பொருள் சகஜமா? அதற்கும் ?? 0 என்று எழுதினால் ஒரு மூட்டை அரிசி இலவசமாகப் போகும். அங்கே புரோகிராம் நின்றுவிட வேண்டும். பிஎச்பி 8-இல் ??-க்கு வலப்புறமே த்ரோ (பிழை என்று அறிவிக்கும் கட்டளை) எழுதலாம், அதைப் பயன்படுத்துங்கள்.

?? எழுத்துப்பிழையையும் மறைக்கும். ‘தள்ளுபடி’யை ஓரிடத்தில் ‘தள்ளுப்படி’ என்று அடித்துவிட்டால், அந்த இடத்தில் என்றைக்கும் 0தான், யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் டீஃபால்ட்டுகளை ஒரே இடத்தில் வைப்பதுதான் என் வழக்கம்:

$பில் = $பில் + ['தள்ளுபடி' => 0, 'டெலிவரி' => 0];

அரேக்களுக்கு நடுவே + போட்டால் இடப்பக்கத்தில் இருப்பது அப்படியே நிற்கும், இல்லாத கீ மட்டும் வலப்பக்கத்திலிருந்து வந்து சேரும். இதற்குப் பிறகு ?? இல்லாமலே படியுங்கள். கீயின் பெயரைத் தப்பாக அடித்தால் அந்த வார்னிங்கே காட்டிக்கொடுக்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். டேட்டாபேஸிலிருந்து தள்ளுபடி ‘நல்’ ஆகவே வந்தால் இந்த + அதைத் தொடாது. கீதான் ஏற்கெனவே இருக்கிறதே. அந்த நெடுவரிசையின் (column) டீஃபால்ட்டை 0 என்று டேபிளிலேயே வைத்து, ‘நல்’ ஏற்காதபடி மாற்றிவிடுங்கள். பழைய வரிசைகளில் இருக்கும் ‘நல்’ மதிப்புகளை ஒரு அப்டேட்டில் முன்கூட்டியே 0 ஆக்கிக்கொள்ளுங்கள்.