எர்மூபோலி: அகதிகள் கட்டிய துறைமுகம்

அன்புள்ள ஐயா,

கிரேக்கத் தீவு என்றால் வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமும்தான் என்று நினைத்திருந்தேன். சீரோஸ் தீவின் எர்மூபோலி நகரப் படங்களைப் பார்த்தால் இத்தாலியத் துறைமுகம் போல இருக்கிறது. பளிங்கு பாவிய சதுக்கம், ஓபரா அரங்கு, அரண்மனை மாதிரி ஒரு நகரமன்றம். இதையும் கிரேக்கக் கட்டடக்கலை என்று சொல்லலாமா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அந்த ஊரைக் கட்டியவர்கள் சீரோஸ்காரர்கள் இல்லை, அகதிகள்.

தீவின் பழைய ஊர் மேலே குன்றில் இருக்கும் ஆனோ சீரோஸ். 13ஆம் நூற்றாண்டில் வெனிஸ்காரர்கள் காலத்தில் எழுந்தது. நீங்கள் நினைத்த வெள்ளை வீடுகளும் குறுகிய சந்துகளும் அங்கே உண்டு. அங்கிருந்த கத்தோலிக்கர்களுக்கு பிரான்சின் பாதுகாப்பு இருந்தது. அதனால் 1821இல் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராகப் போர் மூண்டபோது தீவு ஒதுங்கியே நின்றது. 1822இல் கியோஸ் தீவில் படுகொலை. 1824இல் ப்சாரா தீவு அழிக்கப்பட்டது. உயிர் தப்பியவர்கள் சீரோஸின் கரையில் வந்து இறங்கிக் குடிசை போட்டார்கள். அப்புறம் ஊருக்கு வணிகக் கடவுள் ஹெர்மஸின் பெயரை வைத்தார்கள். அந்த நிலைமையிலும் இப்படியொரு பெயரைத் தேர்ந்தெடுத்த மனத்திடம் என்னை இன்றும் அசத்துகிறது.

வந்தவர்களில் வணிகர்களும் கப்பல்காரர்களும் நிறைய. சில பத்தாண்டுகளில் அது கிரேக்கத்தின் முதன்மைத் துறைமுகமாகிவிட்டது. வாபோரியா பகுதியில் கப்பல் முதலாளிகளின் மாளிகைகள் கடலை ஒட்டியே எழுந்தன. அவர்கள் எடுத்துக்கொண்டது நவசெவ்வியல் பாணி, அதாவது பண்டைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களைப் பின்பற்றும் பாணி. அன்றைக்குப் புதிய கிரேக்க அரசு ஏதென்ஸில் கட்டிக்கொண்டிருந்ததும் இதே பாணியில்தான். ஆகவே வெள்ளை வீட்டைப் போலவே இதுவும் கிரேக்கம்தான். உங்கள் கண்ணுக்கு இத்தாலி தெரிந்ததிலும் தவறில்லை: 1864இல் திறந்த அப்போலோ அரங்கை வடிவமைத்த பியெத்ரோ சாம்போ இத்தாலியர்.

நகரமன்றம் எர்ன்ஸ்ட் சில்லர் என்ற ஜெர்மானியரின் வடிவமைப்பு. 1876இல் தொடங்கி 1898இல்தான் முடிந்தது. அதற்குள் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகம் வணிகத்தை இழுத்துக்கொண்டுவிட்டது. 1893இல் கப்பல் பாதையைச் சுருக்கிய கொரிந்து கால்வாயும் திறந்தாயிற்று. செல்வத்தின் உச்சத்தில் திட்டமிட்ட கட்டடம், செல்வம் கைவிட்டுப் போகும்போது முடிந்திருக்கிறது. வருத்தமான கதைதான். ஆனால் பழைய மாளிகைகளை இடித்துப் புதிதாகக் கட்டும் வேகமும் அத்தோடு நின்றது. நீங்கள் படத்தில் பார்த்த தெருக்கள் தப்பியதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.