நெல் வயலில் வலை வீசினால் தத்துப்பூச்சி சிக்கவில்லையே, ஏன்?

கேள்வி: 40 நாள் பயிர். கையால் தட்டினால் பச்சைத் தத்துப்பூச்சி நிறையப் பறக்கிறது. கொசுவலைத் துணியில் வலை தைத்து 25 முறை வீசினேன், நாலைந்துதான் கிடைத்தது. எங்கே தவறு?

பதில்: முதலில் வலையை மாற்றுங்கள். கொசுவலை நெல் தோகையில் சிக்கி இழுபடும், சீக்கிரம் கிழியும். காடா துணிதான் நெல்லுக்குச் சரி. வளையம் 38 செ.மீ. விட்டம், 5 மி.மீ. கம்பியில் 140 செ.மீ. வெட்டினால் வளையம் போக இரு முனையிலும் பத்துப் பத்து செ.மீ. மிஞ்சும், அதைக் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டலாம். பை 70 செ.மீ. ஆழம் இருக்கட்டும். அடியை மூலையில்லாமல் வளைவாகத் தைத்து, தையல் விளிம்பை வெளிப்பக்கம் விடுங்கள். உள்ளே மடிப்பு இருந்தால் சிறு பூச்சிகள் அதில் ஒடுங்கிக்கொள்ளும், எண்ணிக்கை குறையும்.

அடுத்து வீச்சு. பெரும்பாலும் தவறு இங்கேதான். வளையம் செங்குத்தாக நிற்க வேண்டும். அதன் கீழ் விளிம்பு மேல் விளிம்பைவிடச் சற்று முந்திப் போக வேண்டும். அப்போதுதான் துள்ளும் பூச்சி பைக்குள் விழும். மேல் விளிம்பு பயிர் நுனியோடு சமமாக இருக்கட்டும். ஓர் எட்டு வைத்து ஒரு வீச்சு, இடமிருந்து வலம், அரைவட்டமாக; அடுத்த எட்டில் வலமிருந்து இடம். திரும்பும் கணத்தில் மணிக்கட்டைச் சுழற்றி வலையின் வாயையே முன்னால் கொண்டுபோங்கள். அங்கே கை தயங்கினால் பிடித்ததெல்லாம் பறந்துவிடும். கடைசி வீச்சு முடிந்ததும் பையை வளையத்தின் மேல் புரட்டிப்போட்டால் வாய் அடைபடும்.

உங்கள் நிழல் முன்னால் விழாதபடி நடங்கள். வரப்போரம் கணக்கில் வேண்டாம். இரண்டு மீட்டர் உள்ளே போய், குறுக்காக ஐந்து இடங்களில் ஐந்தைந்து வீச்சு. பனி காய்ந்த பிறகே வீசுங்கள். துணி நனைந்தால் பூச்சி அதில் ஒட்டி நசுங்கிவிடும். பலத்த காற்றிலும் வேண்டாம், பூச்சி தூருக்குள் இறங்கியிருக்கும். பூக்கும் பருவத்தில் முற்பகலில் வயலில் இறங்காதீர்கள், அது பூ மலரும் நேரம். மாலை நாலு மணிக்கு மேல் பாருங்கள்.

எண்ணுவதற்கு, வலையின் வாயில் வெள்ளைப் பாலித்தீன் பையைச் சேர்த்துப் பிடித்து, துணியை நிழலிலும் பாலித்தீனை வெளிச்சத்திலும் வையுங்கள். பூச்சிகள் தாமாக வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

25 வீச்சுக்கு 60 பச்சைத் தத்துப்பூச்சி என்பது பொருளாதாரச் சேத நிலை, அதாவது நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு. இந்தப் பூச்சி பரப்பும் துங்ரோ வைரஸ் நோய் வந்துபோகும் பகுதியென்றால் வலைக் கணக்குக்குக் காத்திருக்க வேண்டாம். குத்துக்கு (ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்துக்கு) 2 இருந்தாலே நடவடிக்கை தேவை. அதே பையில் தத்துப்பூச்சியைத் தின்னும் சிலந்தியும் ஊசித்தட்டானும் எத்தனை என்று சேர்த்தே குறியுங்கள். அவை நிறைய இருக்கும் வயலில் அவசரப்பட்டு மருந்தடித்தால் முதலில் சாவது அவைதான்.

ஒன்று மட்டும்: புகையான் என்னும் பழுப்புத் தத்துப்பூச்சிக்கு இந்த வலை உதவாது. அது தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூரடியில் உட்கார்ந்திருக்கும். வலை போவதோ பயிரின் மேல்பாகத்தில். குத்தை விலக்கித் தூரைத் தட்டித்தான் பார்க்க வேண்டும்.