சிவகாசி: வெயில் மட்டும் போதுமா?

அன்புள்ள ஐயா,

தங்கையின் கல்யாணப் பத்திரிகை அடிக்க முதல்முறையாகச் சிவகாசி போயிருந்தேன். ஒரே தெருவில் இருபது அச்சகங்கள், மூலைக்கு மூலை பட்டாசுக் கடைகள், மண்டையைப் பிளக்கும் வெயில். இவ்வளவு வறண்ட இடத்தில் இவ்வளவு தொழில் எப்படி வந்தது என்று விசாரித்தால், எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "மழை இல்லாத ஊர், அதனால தீப்பெட்டியும் பட்டாசும்." இது போதுமான காரணமா? பட்டாசை என்றாவது முற்றிலுமாகத் தடை செய்துவிட்டால் ஊர் என்ன ஆகும்? இத்தனை கோடி புரளும் ஊரில் சாலைகள் ஏன் இப்படி இருக்கின்றன? நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
க., ஓசூர்

அன்புள்ள க.,

நான் சாத்தூர்ப் பக்கம். சிவகாசிக்காரர்கள் என்னை உள்ளூர் ஆளாக ஒப்புக்கொள்வது சந்தேகம்தான். என்றாலும் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் திண்ணையில் தீப்பெட்டிக்கூடு ஒட்டிக் காயவைத்திருப்பார்கள். பசை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

வெயில் கதையை நானும் பள்ளிக்கூடத்தில் படித்தேன், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அதில் பொய் இல்லை. மருந்து நமத்துப்போனால் குச்சி பற்றாது. ஒட்டிய கூடு, தோய்த்த குச்சி, திரி எல்லாம் வெயிலில் காய வேண்டியவை. ஆனால் கரிசல் சீமை முழுக்க இதே வெயில்தானே? கமுதியிலும் விளாத்திகுளத்திலும் சூரியன் ஓரவஞ்சனை செய்யவில்லை. வந்த தொழிலை வெயில் விரட்டாமல் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். அதைக் கூட்டிக்கொண்டு வந்தது வேறு.

தீப்பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். குச்சிக்கு மரம் கேரளத்திலிருந்து வந்தது. மருந்துக்கான ரசாயனம், மெழுகு, காகிதம் எல்லாமே வெளியூர்ச் சரக்கு. சிவகாசி மண்ணில் விளைந்தது அந்தப் பெட்டிக்குள் எதுவுமே இல்லை. ஊர் போட்டது மனிதர்களின் கையும் வியாபாரிகளின் முதலும்தான். அந்த முதல் எங்கிருந்து வந்தது என்பதில்தான் கதை ஆரம்பிக்கிறது.

பெயருக்கான கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் காசியிலிருந்து சிவலிங்கம் கொண்டு வந்தபோது, அதைச் சுமந்துவந்த பசு இந்த இடத்தில் நகர மறுத்துவிட்டதாம். அதை அப்படியே விட்டுவிடலாம். பொருளாதாரத்துக்கு வேண்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டு. தெற்கே இருந்து மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றிவந்த நாடார் வியாபாரிகள் விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், சிவகாசி போன்ற ஊர்களில் தங்கினார்கள். வண்டியும் சரக்கும் பத்திரமாக இருக்கப் பேட்டைகள் கட்டினார்கள். வாங்கும் விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவில் போட்டார்கள். அதுதான் மகமை. கிணறு, கோயில், பள்ளிக்கூடம் என்று அந்தப் பணம் போனது. வங்கி இல்லாத காலத்தில் யாருக்கு எவ்வளவு நம்பிக் கொடுக்கலாம் என்பதை ஊரே அறிந்து வைத்திருந்த ஏற்பாடு அது.

அந்த வளர்ச்சியைச் சுற்றியிருந்தவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சிவன் கோயிலுக்குள் நுழையும் உரிமையைக் கேட்டதில் தொடங்கிய பகை முற்றி, 1899 ஜூன் 6ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து ஊரைத் தாக்கினார்கள். வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. சிவகாசிக் கொள்ளை என்று அதற்குப் பெயர். அதற்குப் பிறகு அந்தச் சமூகம் இன்னும் இறுக்கமாகச் சேர்ந்துகொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. சங்கம், பள்ளி, வியாபாரம் மூன்றும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டன.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1922இல், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனார்கள். உறவுக்காரர்கள், இளவட்டங்கள். அங்கே சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். 1923இல் சிவகாசியில் தொழில் தொடங்கியது. பின்னால் இருவரும் பிரிந்து, ஒருவர் அணில், இன்னொருவர் காக்கா என்று தனித்தனி மார்க்கு போட்டார்கள்.

இந்தக் கதையை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அந்த ஆண்டின் இன்னொரு செய்தியைச் சொல்ல மாட்டார்கள். அதுவரை இங்கே பற்றவைத்த தீக்குச்சி பெரும்பாலும் ஜப்பானிலிருந்தும் சுவீடனிலிருந்தும் வந்தது. 1922இல் பிரிட்டிஷ் அரசு இறக்குமதித் தீப்பெட்டி மீதான தீர்வையை ஒரேயடியாக உயர்த்தியது. வெளிநாட்டுப் பெட்டி விலை ஏறியதும் உள்நாட்டுப் பெட்டிக்கு இடம் கிடைத்தது. அதே வரிச்சுவரைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்ததுதான் சுவீடன்காரர்களின் விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி. ஆக, கல்கத்தாவுக்கு ரயில் ஏறிய துணிச்சல் உண்மை. ஆனால் தீர்வை ஏறியிராவிட்டால் அந்தத் துணிச்சல் எத்தனை மாதம் தாங்கியிருக்கும்? (நேரு சொன்னதாக 'குட்டி ஜப்பான்' என்று ஊரைப் பெருமையாகச் சொல்கிறோம். நிஜ ஜப்பானின் தீப்பெட்டியை வரி தடுத்ததால்தான் இந்தக் குட்டி ஜப்பான் பிறந்தது.)

1934இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் கலால் வரி வந்தது. நாளடைவில் அதில் ஒரு சலுகை உருவானது. இயந்திரத்தில் செய்தால் அதிக வரி, கையால் செய்தால் குறைந்த வரி. சிவகாசியின் வரலாற்றை ஒரே வரியில் எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதுவேன். விம்கோவிடம் இயந்திரம் இருந்தது. சிவகாசியிடம் இருந்தவை கைகள். வரிச்சலுகை அந்தக் கைகளை இயந்திரத்தோடு போட்டி போட வைத்தது. ஒரு சின்ன கொட்டகை, ஒரு கணக்கப்பிள்ளை, பத்துப் பெண்கள் இருந்தால் தீப்பெட்டி ஆபீஸ் ரெடி. எங்கள் பக்கம் யாரும் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டோம். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ், அச்சாபீஸ். எல்லாமே ஆபீஸ்தான்.

ஆனால் கைக்குக் கொடுத்த சலுகை யார் கை என்று கேட்கவில்லை. மரச்சட்டத்தில் குச்சி அடுக்கச் சின்ன விரல்தான் தோது என்று ஆகிவிட்டது. விடியற்காலை நாலு மணிக்குக் கிராமத்துக்குள் கம்பெனி வண்டி வரும். என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்தவர்களில் ஏழெட்டுப் பேர் ஆறாம் வகுப்புக்கு வரவில்லை. அந்த வண்டியில் தூங்கி வழிந்துகொண்டு போனார்கள். சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பு சொன்னது: ஆபத்தான தொழிலில் வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும். அதற்குள் என் வகுப்புத் தோழர்களுக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. வறட்சி, ஏழ்மை என்று அதற்குச் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். வேலை கொடுத்தோம் என்று பெருமைப்படும்போது அந்த வண்டியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, உங்கள் பத்திரிகைக்கு வருகிறேன். எனக்குச் சிவகாசியில் மிகப் பிடித்த பகுதி அதுதான்.

தீப்பெட்டி விற்பது குச்சியால் அல்ல, லேபிளால். எழுதப் படிக்கத் தெரியாதவர் கடையில் "அணில் பெட்டி குடு" என்பார். படம் மாறினால் வாங்க மாட்டார். அதனால் நூற்றுக்கணக்கான மார்க்குகளுக்கு லட்சக்கணக்கில் லேபிள் வேண்டியிருந்தது. வெளியூரில் அடித்துக் கட்டுப்படியாகாமல், ஊரிலேயே லித்தோ அச்சு இயந்திரங்களை இறக்கினார்கள். வாங்கிய இயந்திரம் லேபிள் அடித்த நேரம் போகச் சும்மா நிற்குமா? பட்டாசுப் பெட்டிக்கு அடித்தது, நோட்டு அட்டைக்கு அடித்தது, சாமி படத்துக்கு அடித்தது, காலண்டருக்கு அடித்தது. கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராக வீட்டுச் சுவரில் ஏறினார்கள். உங்கள் பாட்டி வீட்டுப் பூஜை அறையிலும் ஒன்று இருந்திருக்கும்.

ஒரு தொழிலின் தேவை அடுத்த தொழிலைப் பெற்றது என்பது இங்கே வெறும் பேச்சில்லை, தெருவில் நடந்து பார்க்கலாம். அச்சாபீஸ் வந்ததும் காகித மண்டி வந்தது, மை வந்தது, பைண்டிங் வந்தது, இயந்திரம் பழுதுபார்க்கிறவர் வந்தார். மத்தாப்புக்கு வேண்டிய அலுமினியத் தூளை வெளியே வாங்குவானேன் என்று திருமங்கலத்தில் ஆலை போட்டார்கள். அந்தக் கம்பெனியின் பெயரைத் தாங்கி 1984இல் சிவகாசியில் ஒரு பொறியியல் கல்லூரி எழுந்தது: மெப்கோ ஷ்லெங்க். அந்த ஷ்லெங்க், கூட்டுச் சேர்ந்த ஜெர்மன் கம்பெனியின் பெயர். கரிசல் காட்டில் ஒரு கல்லூரிக்கு ஜெர்மன் பெயர் வந்த வழி தீப்பெட்டியில் தொடங்குகிறது.

பட்டாசு வந்தது கொஞ்சம் பிந்தி. இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு வெடி வருவது நின்றது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து, லைசென்ஸ் எடுத்துத் தொழில் செய்ய வழி ஏற்பட்டது. மருந்தைக் கையாளத் தெரிந்த ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. இன்று இந்தியப் பட்டாசில் 90 சதவீதம் இங்கிருந்து போவதாகக் கணக்கு சொல்கிறார்கள். இதன் பொருளாதாரம் விசித்திரமானது. வருஷம் முழுக்கச் செய்கிற சரக்கு ஒரே வாரத்தில் வெடித்துத் தீர வேண்டும். ஆவணியில் லாரி ஏற்றினால் தீபாவளிக்குப் பிறகுதான் வடக்கேயிருந்து பணம் வரும். அதுவரை கூலி, மருந்து, காகிதம் எல்லாம் கடனில் ஓடும். தீபாவளிக்கு மழை பெய்தால் சிவகாசியில் வட்டி பெருகும்.

லைசென்ஸிலும் சாதி உண்டு. மத்திய வெடிபொருள் துறையின் தலைமையகம் கொடுக்கும் நாக்பூர் லைசென்ஸ் பெரியது, அடுத்தது அதே துறையின் சென்னை அலுவலகம், கடைசியில் மாவட்ட வருவாய் அலுவலர் கொடுக்கும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ். ஒருவர் பெயரில் லைசென்ஸ் இருக்கும், அறைகளைப் பலருக்கு உள்குத்தகை விட்டிருப்பார். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர் இருப்பார்கள், மரத்தடியிலும் வேலை நடக்கும். விபத்துச் செய்திகளில் இந்த வார்த்தைகள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்துப் பாருங்கள். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதில் பலர் அங்கே வேலை செய்தவர்களே இல்லை, முதல் வெடிச் சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். வெயிலின் தலையில் இதைக் கட்ட முடியாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பாதித் தடை ஏற்கெனவே வந்தாயிற்று. டெல்லிக் குழந்தைகள் சார்பில் காற்று மாசுக்காகத் தொடுத்த வழக்கில், 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மருந்தில் சேர்க்கும் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்தது. டெல்லிக்காரருக்குச் சரவெடி என்பது சத்தமும் குப்பையும். இங்கே அது பெண்களின் கைவேலை. ஒவ்வொரு வெடியாகத் திரியைக் கோத்துப் பின்ன வேண்டும். டெல்லிக் குழந்தையின் நுரையீரலைவிட இந்தக் கூலி பெரிது என்று வாதாட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தடையை எழுதியவர்கள் பின்னுகிறவளுக்கு என்ன மாற்று என்று ஒரு வரிகூட எழுதாதது உறுத்துகிறது.

முழுத்தடை வந்தால் ஊர் அழியுமா? ஊர் அழியாது என்றுதான் நினைக்கிறேன். தீப்பெட்டியே இதற்குச் சாட்சி. சிவகாசியை வளர்த்த அந்தத் தொழிலின் பெரும்பகுதி கோவில்பட்டி, சாத்தூர், குடியாத்தம் என்று எப்போதோ நகர்ந்துவிட்டது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கைத் தீப்பெட்டிக்கு 5, இயந்திரத்துக்கு 18 சதவீதம் என்றிருந்த வித்தியாசமும் 2020 ஏப்ரலில் எல்லாவற்றுக்கும் 12 என்று ஒன்றாகி முடிந்தது. ஒரு ரூபாய்ப் பெட்டி பதினாலு வருஷம் கழித்து 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது, அதற்குள் பிளாஸ்டிக் லைட்டர் வந்துவிட்டது. சிவகாசி நகரம் அதற்காக அழவில்லை. முதல் உள்ளவர்கள் அச்சுக்கும் அட்டைப்பெட்டிக்கும் கல்லூரிக்கும் மாறிக்கொண்டார்கள். பட்டாசு போனாலும் அவர்கள் மாறிக்கொள்வார்கள். மாற முடியாதது வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள். ஆலைகள் இருப்பதும் அங்கேதான், வண்டி கிளம்புவதும் அங்கிருந்துதான். சிவகாசி என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது முதலாளியின் ஊரையும் தொழிலாளியின் ஊரையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

சாலைக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. 1920இல் நகராட்சியான ஊர், நூறு வருஷம் கழித்து 2021இல் திருத்தங்கலையும் சேர்த்து மாநகராட்சி ஆகியிருக்கிறது. மகமை போட்டுப் பள்ளிக்கூடம் கட்டியவர்களுக்குப் பொதுச் சாலை மட்டும் எப்போதும் சர்க்கார் வேலையாகவே தெரிந்தது போலிருக்கிறது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என் செருப்பும் ஒன்று போயிருக்கிறது.

அடுத்த முறை ஆடிப்பெருக்கு அன்று வாருங்கள். அன்றைக்குத்தான் வரும் வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களைச் சிவகாசியில் வெளியிடுவார்கள். ஆகஸ்டு வெயிலில் ஏஜெண்டுகள் கூட்டமாக உட்கார்ந்து அடுத்த ஜனவரியைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். தங்கைக்கு என் வாழ்த்து. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை இன்னொரு தடவை சரிபார்த்துவிடுங்கள். என் புத்தகம் ஒன்றின் அட்டையில் என் பெயரே ஓர் எழுத்துக் குறைந்துதான் வந்தது, மெய்ப்பு பார்த்தவன் நான்தான்.

அன்புடன்