கேம்பர் வேன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபிரிட்ஜை எதில் இயக்குவது பாதுகாப்பு? கேஸிலா, பேட்டரியிலா?

கேஸ் வேண்டாம். சிலிண்டர் வால்வையே மூடிவிட்டுக் கிளம்புங்கள். வழியில் 12 வோல்ட்டில், அதாவது வண்டியின் பேட்டரியில், ஓடட்டும்.

கேஸ், 12 வோல்ட், வீட்டு மின்சாரம் மூன்றிலும் ஓடும் ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. அமோனியாக் கரைசலைச் சூடாக்கித்தான் அது குளிரை உண்டாக்குகிறது. கேஸில் ஓடுகிறது என்றால், பின்பக்கம் ஒரு தீ எரிந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தீயோடு பெட்ரோல் பங்குக்குள் நுழையலாமா? காற்றில் பரவும் பெட்ரோல் ஆவிக்கு அது போதும். வண்டி எங்காவது மோதிக் கேஸ் குழாய் அறுந்தால் இன்னும் மோசம். மோதினால் கேஸைத் தானாக நிறுத்தும் ரெகுலேட்டர்கள் இருக்கின்றன, நல்ல விஷயம்தான். ஆனால் பங்கில் நிற்கும்போது அந்தத் தீயை அவை அணைக்காது.

சரி, 12 வோல்ட்டுக்கு வருவோம். இந்த வகை ஃபிரிட்ஜின் ஹீட்டர் 10 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். பல மாடல்களில் 12 வோல்ட்டில் தெர்மோஸ்டாட்டும் வேலை செய்யாது, நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஓடும்வரை அதோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் ஈடுகொடுக்கும். எஞ்சினை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனால்? 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி நாலு மணி நேரத்தில் காலி. அதனால் எஞ்சின் ஓடும்போது மட்டும் இணைப்புக் கொடுக்கும் ரிலே கட்டாயம் வேண்டும். ஞாபகமாக சுவிட்சை அணைத்துவிடலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

நிறையப் பேர் கோட்டை விடுவது வயரில்தான். பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் 6 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். போகவர 12 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 15 ஆம்பியர் போனால், வழியிலேயே சுமார் 1.3 வோல்ட் தொலைந்துவிடும். 13.5 வோல்ட் கிளம்பினால் ஹீட்டருக்கு 12.2தான் கிடைக்கும், சூடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். 'ஃபிரிட்ஜ் சரியில்லை' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது வயரின் தடிமனைத்தான். அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு அரை வோல்ட் அளவில் நின்றுவிடும்.

ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது ஃபிரிட்ஜைக் காப்பதற்காக அல்ல, வயர் தீப்பிடிக்காமல் காப்பதற்காக. ஃபிரிட்ஜ் முனையில் மட்டும் ஃபியூஸ் வைத்தால், நடுவில் எங்காவது தகட்டில் உரசித் தோல் கிழிந்த வயருக்குப் பாதுகாப்பே இல்லை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் இந்த ஃபிரிட்ஜைச் செருகுவதையும் விட்டுவிடுங்கள். நண்பர் ஒருவரின் வண்டியில் அந்த பிளக்கை நானே கழற்றிப் பார்த்தேன். நடு முனையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, உருகி, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஃபியூஸ் போகவே இல்லை. மின்னோட்டம் அளவுக்குள்தான் இருந்தது, தளர்வான தொடுமுனைதான் சூடாகியிருந்தது.

வேலை முடிந்ததும் எஞ்சினையும் ஃபிரிட்ஜையும் ஓடவிட்டு, பேட்டரி முனையிலும் ஃபிரிட்ஜ் முனையிலும் மல்டிமீட்டர் வையுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தெளிவாகத் தாண்டினால் வயர் மெலிது, அல்லது ஏதோ ஓர் இணைப்பு மோசம். அரை மணி நேரம் ஓட்டியபின் ஒவ்வொரு கனெக்டரையும் தொட்டும் பாருங்கள், கை சுடக்கூடாது.

புதிதாக வாங்குவதாக இருந்தால் கம்ப்ரசர் ஃபிரிட்ஜைத்தான் சொல்வேன். ஓடும்போது 4, 5 ஆம்பியர்தான், குளிர்ந்ததும் தானே நிற்கும். பேட்டரி இறங்கினால் தன்னை அணைத்துக்கொள்ளும் வசதியும் பெரும்பாலும் கூடவே வரும். பல புது வண்டிகளில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜைத் தானாகக் குறைத்துக்கொள்ளும், அதனால் நடுவில் வோல்டேஜைச் சரியான அளவுக்கு மாற்றிக் கொடுக்கும் ஒரு டிசி-டிசி சார்ஜர் தேவைப்படும்.

அப்புறம், கம்ப்ரசர் இல்லாத ஃபிரிட்ஜில் 12 வோல்ட் ஹீட்டர் ஏற்கெனவே உள்ள குளிரைத் தக்கவைக்கும், அவ்வளவுதான். முந்தின இரவே வீட்டு மின்சாரத்தில் போட்டு, பொருள்களையும் குளிரவைத்தே அடுக்குங்கள். இரண்டு மணி நேரப் பயணம்தான் என்றால் நான் ஃபிரிட்ஜை அணைத்தே வைத்துவிடுவேன். கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர் உள்ளேயே தங்கும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டு வைத்து, இறங்கியதும் 5 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.