மாவோரி அறிந்தவருக்குத் தஹீத்தி மொழி எளிதாகுமா?

ஆக்லாந்தில் வசிக்கும் வாசகர் ஒருவர், நியூசிலாந்துப் பூர்வகுடிகளின் மொழியான மாவோரியை ஈராண்டுகள் பயின்றவர், பணி நிமித்தம் தென் பசிபிக்கிலுள்ள தஹீத்தித் தீவின் பப்பேத்தே நகருக்குச் செல்லவிருப்பதாகவும், கற்ற மொழி அங்கே கைகொடுக்குமா என்றும் கேட்டிருக்கிறார்.

நிச்சயம் கைகொடுக்கும். 1769இல் கேப்டன் குக்கின் கப்பலில் நியூசிலாந்துக் கரையை அடைந்த தஹீத்திக்கு அருகிலுள்ள ரையாத்தேயா தீவினரான துபாயா, மாவோரி மக்களிடம் தம் மொழியிலேயே பேசினார். அவர்களுக்கு அது புரிந்தது. ஆயினும் அன்றாடப் பேச்சு முழுவதும் தானாகப் புரிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். முதலில் ஓர் ஒலிமாற்றத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

மாவோரியில் ககரமோ ஙகரமோ வருமிடத்தில், தஹீத்தியில் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலி வரும். அதை இங்கே மேற்குறியால் காட்டுகிறேன். மீனுக்கு ‘இக்க’ என்பது அங்கே ‘இ’அ’; படகுக்கு ‘வக்க’ என்பது ‘வ’அ’; வானத்துக்கு ‘ரஙி’ என்பது ‘ர’இ’. (வல்லினத்தை ஒலிக்காகவே இரட்டித்துள்ளேன், அழுத்தாமல் ஒற்றையாகச் சொல்ல வேண்டும்.) இரண்டு ஒலிகள் ஒன்றாகிவிட்டதால் தஹீத்தியிலிருந்து மாவோரிக்கு வருபவர் எது ககரம், எது ஙகரம் என்று திகைப்பார், தாங்கள் எதிர்த்திசையில் செல்வது நல்வாய்ப்பு.

அந்த அடைப்பொலியை விழுங்கிவிடக் கூடாது. ‘ஹயெரெ மை’ என்றால் இரு மொழிகளிலும் ‘வாருங்கள்’ என்றே பொருள். ஆனால் தஹீத்தியில் ‘ம’இ’ என்றால் நோய். பழைய அச்சு நூல்கள் பெரும்பாலும் இவ்வொலியைக் குறிப்பதில்லை என்பதால், அதையும் நெடிலையும் குறிக்கும் அகராதியையே வாங்குங்கள்.

ஒலிவிதி உதவாத சொற்களும் உண்டு. அரசர் பெயரில் உள்ள சொல்லைப் பிறர் நாவில் எடுக்கலாகாது என்ற ‘பி’இ’ வழக்கத்தால் தஹீத்தியின் அடிப்படைச் சொற்கள் சில மாறிப்போயின. ‘இரவு இருமல்’ எனப் பொருள்படும் போமரே என்ற அரச பெயரால், இரவைக் குறித்த ‘போ’ விலகி ‘ரு’இ’ வந்தது; இன்றைய பேச்சில் ‘போ’ மீண்டும் வழங்குகிறது. நீருக்கு மாவோரியில் ‘வை’ என்பீர்கள், அங்கே ‘பப்பே’. வை’எத்தே என்றிருந்த ஊர்தான் இன்றைய பப்பேத்தே. நீர்க்கூடை என்ற பொருள் மட்டும் மாறவில்லை.

எண்களில் ‘தொரு’, ‘ஓனோ’ அப்படியே நிற்க, இரண்டுக்கு ‘ருவா’ போய் ‘பித்தி’யும், ஐந்துக்கு ‘ரிமா’ போய் ‘பயெ’யும் வழங்குகின்றன. சந்தையில் முதல் நாளே தேவைப்படுபவை இவை. புறப்படும் முன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.