கவரிங்கும் ஷனேலும்

வணக்கம் ஐயா,

ரங்கூனில் தையல் வகுப்புக்குப் போகிறேன். போலி நகையை நாகரிகமாக்கியவர் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் என்று பாடத்தில் வருகிறது. அதைக் கண்டுபிடித்ததே அவர்தானா? அக்கா கல்யாணத்துக்கு என்னைக் கவரிங் போட்டுக்கொள்ளச் சொல்கிறார் அம்மா. கூச்சமாக இருக்கிறது. ஷனேலே போட்டார் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

கண்டுபிடித்தது அவர் இல்லை. அவருக்கு நகை செய்துகொடுத்த கிரிப்வா பட்டறையே 1869-இல் தொடங்கியது. ஷனேல் பிறந்தது 1883-இல். உருக்கிய கண்ணாடியை உலோகச் சட்டத்துக்குள் ஊற்றி மாணிக்கம், மரகதம் போல ஆக்குவார்கள் அங்கே. ஷனேல் செய்தது வேறு. அசலையும் போலியையும் கலந்து, ஒளிக்காமல் போட்டுக்கொண்டு நடந்தார். அது பெரிய காரியம்தான்.

ஆனால் அவர் பெட்டியில் அசலும் இருந்தது, அம்மா. 1932-இல் பாரிஸில் தன் வீட்டிலேயே வைர நகைக் கண்காட்சி வைத்தவர் அவர். இருப்பவள் போலி போட்டால் நாகரிகம், இல்லாதவள் போட்டால் இளக்காரம். பாரிஸிலும் இதே கணக்கு, நம் கல்யாணப் பந்தியிலும் இதே கணக்கு. அதனால் ஷனேலைச் சாட்சிக்கு இழுக்காதே.

கூச்சமாம் கூச்சம்! 1964-இல் என் அத்தை இங்கிருந்து கப்பல் ஏறினார். மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. மிஞ்சியது காதில் கிடந்த தோடு. துறைமுகச் சோதனையில் அதையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். துளை தூர்ந்துவிடக் கூடாதென்று இரண்டு காதிலும் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு சென்னையில் இறங்கினார். "பர்மாவிலிருந்து வெறுங்காதோடயா வந்தே?" என்று வாசலில் வைத்தே கேட்டாராம் ஒரு சொந்தக்காரர்.

அப்புறம் கவரிங் தோடு வாங்கிப் போட்டார். அதோடுதான் பெண்களைக் கட்டிக்கொடுத்தார். எத்தனை பவுன் என்று யாராவது கேட்டால், "கவரிங்தான்" என்று பந்தலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாராம். அவர் பெட்டியில் வேறு எதுவும் இல்லை. எனக்கு ஷனேலைவிட அவர்தான் பெரியவர்.

உன் அம்மா கடன் வாங்காமல் ஒரு கல்யாணத்தை நடத்தப் பார்க்கிறார். நீ அந்தக் கழுத்தைக் குனிந்து வைத்துக்கொண்டால், அவரைத்தான் குனிய வைக்கிறாய். நிமிர்ந்து நில். கேட்டால் சொல், கேட்காவிட்டால் விடு.

சரி, பாடத்துக்கு எழுதும்போது கிரிப்வாவோடு வெர்துராவின் பெயரையும் சேர்த்துக்கொள். மால்டா சிலுவை பதித்த ஷனேலின் அந்த வெள்ளைக் காப்புகளை வடிவமைத்தவர் அவர்தான்.